தேரும் பந்தும்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 9 மணி வகுப்புக்கு நான் 25 நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். முப்பது வருஷ ஆசிரியர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. தலை வாரவில்லை. வலது காலில் ஒரு ஜோடியைச் சேர்ந்த செருப்பு, இடது காலில் வேறொரு ஜோடியைச் சேர்ந்தது. தொண்டை கட்டிப் போயிருந்தது.

"ஸார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒரு மாணவி பரிவோடு கேட்டாள்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை அம்மா. கான்ஸாஸ் ஜெயித்துவிட்டது" என்றேன்.

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்து விழித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொண்டேன்.

அன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இப்போது ஆராய்ச்சி மாணவர். நம் சங்கத்தின் செயலாளரும் அவரே. போன வாரம் என் அறைக்கு வந்தார். "ஸார், ஆண்டு மலருக்கு நீங்கள் ஒரு கட்டுரை தர வேண்டும். எதைப் பற்றி என்றும் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எங்கோ ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணி ஜெயித்தால் உங்களுக்கு ஏன் செருப்பு மாறிப் போகிறது?" என்றார்.

கேள்வி நியாயமானது. பதில் சற்று நீளமானது. பொறுமையோடு கேளுங்கள்.

* * *

1987 ஆகஸ்டில் ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் கான்ஸாஸ் பல்கலைக் கழகத்துக்குப் போனேன். அது இருக்கும் ஊரின் பெயர் லாரன்ஸ். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரையில் கோதுமை வயல். நடுவே ஒரு குன்று. குன்றின் மேலே சுண்ணாம்புக் கல்லால் கட்டிய கல்லூரிக் கட்டடங்கள். எனக்கோ திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊரில் குன்று என்று சொல்லிக்கொள்ள வைக்கோற்போரைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

குன்றின் அடிவாரத்தில் ஒரு பழைய மரவீட்டின் மாடி அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரி அறுபதை நெருங்கிக் கொண்டிருந்த ஒரு விதவை. நான் அவரை இங்கே அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன். என் பெயரை அவரால் கடைசி வரையில் உச்சரிக்க முடியவில்லை. அவர் பெயரை நான் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகையால் கணக்கு நேராகிவிட்டது.

டிஸம்பர் மாதம் முதல் பனி விழுந்தது. ஒரு நாள் மாலை, ஜன்னல் வழியே அதைப் பார்த்தபடி ஊர் நினைவில் உட்கார்ந்திருந்தேன். அம்மையார் கதவைத் தட்டினார். கையில் இரண்டு மெத்தை ஆசனங்கள். நீல நிறம், ஓரம் எல்லாம் பிய்ந்திருந்தது.

"உனக்குக் கூடைப்பந்து தெரியுமா?"

"பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன்."

"அது போதாது. ஆனாலும் வா" என்றார்.

பனியில் நடந்து போனோம். அந்த அரங்கத்துக்கு ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் என்று பெயர். பெரிய நெற்களஞ்சியம் போன்ற தோற்றம். உள்ளே 15,000 பேருக்கு மேல் உட்காரலாம். எல்லாம் மரப்பலகை, அதனால்தான் மெத்தை. நாங்கள் போய் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்தது அம்மையாருடைய காலஞ்சென்ற கணவரின் இடம். 1955 மார்ச் 1-ஆம் தேதி அந்த அரங்கம் திறக்கப்பட்ட நாளிலிருந்து அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அவர் போய் இரண்டு வருஷமாக அந்த இடத்தை அம்மையார் யாருக்கும் கொடுக்கவில்லை. சீட்டுக்கு மட்டும் பணம் கட்டி, வெறுமையாகவே வைத்திருந்தார்.

என்னை ஏன் கூட்டிப் போனார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

* * *

கூடைப்பந்து பிறந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1891 டிஸம்பரில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர் காலத்தில் வெளியே போய் விளையாட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக் கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளையும் எழுதி வைத்தார். பலருக்குத் தெரியாத விஷயம், அவர் 1898-இல் கான்ஸாஸுக்கு வந்து, அந்த ஊரிலேயே வாழ்ந்து, 1939-இல் அங்கேயே காலமானார் என்பது. அந்தக் கல்லூரி அணியின் முதல் பயிற்சியாளரும் அவர்தான். அவர் காலத்தில் அணி 55 ஆட்டங்களில் ஜெயித்தது, 60-இல் தோற்றது. அங்கே இதுவரை இருந்த பயிற்சியாளர்களில், வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் கண்டவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த அந்த ஒருவர்தான்! அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் பின்னால் பயிற்சியாளராகி 39 ஆட்டப் பருவங்கள் நடத்தினார். அரங்கம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. நெய்ஸ்மித் எழுதிய அந்த 13 விதிகளின் மூலப் பிரதி 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது, ஒரு பழைய மாணவர் 43 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி ஊருக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இப்போது அது அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் இருக்கிறது.

ஆக, நான் அறியாமலே ஒரு ஸ்தலத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். ஸ்தலம் என்றால் அதற்குச் சில சம்பிரதாயங்கள் இருக்கத்தானே வேண்டும்?

எதிரணியின் பெயர்களைப் படிக்கும்போது மாணவர்கள் அத்தனை பேரும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக் கொள்வார்கள். 'நீங்கள் யாரோ, எங்களுக்கு என்ன?' என்று அர்த்தம். தம் அணியின் பெயர் வந்ததும் அதே தாள் சுக்குநூறாகக் கிழிந்து ஆகாயத்தில் பறக்கும். ஆட்டம் வெற்றி என்று நிச்சயமானதும் 'ராக் சாக்' என்று தொடங்கும் கோஷம் எழும்பும். அது கூச்சல் அல்ல. கோயிலில் ஓதுவார் நீட்டி இழுப்பதைப் போல, மெதுவாக, அடிவயிற்றிலிருந்து வரும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் அப்படி இழுக்கும்போது பலகை அதிர்வது முதுகெலும்பில் தெரியும். முடிந்ததும் எல்லோரும் கைகளை உயரத் தூக்கி இடமும் வலமுமாக அசைப்பார்கள். கோதுமைக் கதிர் காற்றில் ஆடுகிறதாம். எனக்கோ தை மாதத்து நெற்கதிர் ஞாபகம் வந்தது. முதல் நாள் நான் கை தூக்கியபோது, கண்ணில் தூசி விழுந்ததாக அம்மையாரிடம் சொன்னேன்.

அம்மையாருக்கு மட்டும் ஒரு தனிச் சம்பிரதாயம் உண்டு. கடைசி மணி அடிக்கும் வரையில் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். அணி 30 புள்ளி முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி. கூட்டத்துக்கு முன்னால் காரை எடுத்துவிட வேண்டும் என்று நாலு நிமிஷம் இருக்கும்போதே சிலர் படியேறுவார்கள். "பார், காரைப் பார்க்க வந்தவர்கள் போகிறார்கள்" என்பார்.

* * *

அந்த வருஷம் என் காலடி ராசி நன்றாக வேலை செய்தது. சொந்த அரங்கத்தில் தொடர்ந்து 55 ஆட்டங்கள் ஜெயித்து வந்த அணி, 1988 ஜனவரியில், பக்கத்து ஊர்க் கான்ஸாஸ் ஸ்டேட் அணியிடம் தோற்றது. நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு முழங்கால் போயிற்று. 20 ஆட்டங்கள் முடிந்தபோது 12 வெற்றி, 8 தோல்வி. டானி மானிங் என்ற ஒரே ஒரு உயரமான பிள்ளை ஊரையே தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். அவ்வளவுதான் பலம்.

அதே ஜனவரியில் என் அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. 'அப்பாவுக்கு நெஞ்சுவலி அடிக்கடி வருகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ' என்று எழுதியிருந்தான். விமான டிக்கட்டுக்கு என் நாலு மாதச் சம்பளம் ஆகும். மேலும் ஆராய்ச்சியின் முதல் வருஷம். மே மாத விடுமுறையில் வருகிறேன் என்று பதில் எழுதினேன். காலம் இருக்கிறது என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் தேசியப் போட்டி தொடங்கியது. அது நாக்-அவுட் பந்தயம். ஒரு தோல்வி என்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வெளியூரில் நடக்கும் ஆட்டங்களை அம்மையார் வீட்டுக் கூடத்தில் பார்ப்போம். தொலைக்காட்சியின் குரலை அடக்கிவிட்டு வானொலியைத் திருப்பி வைப்பார். அதில் வர்ணிப்பவர்களில் ஒருவர் மாக்ஸ் ஃபால்கென்ஸ்டீன். 1946 முதல் 2006 வரை, 60 வருஷம் அந்த அணியின் ஆட்டங்களைச் சொன்ன மனிதர். படத்தை எவர் காட்டினால் என்ன, கதையை நம் வீட்டு மனிதர்தானே சொல்ல வேண்டும் என்பது அம்மையாரின் கட்சி.

மார்ச் கடைசி வாரம். முதல் இரண்டு சுற்றுகளைத் தாண்டியாயிற்று. அன்று இரவு வாண்டர்பில்ட் அணியோடு ஆட்டம். மாலையில் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார்.

மாடியில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கீழே சத்தமே இல்லை என்பது உறைத்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆட்ட நேரம். வானொலியும் அணைந்திருக்கிறது, தொலைக்காட்சியும் அணைந்திருக்கிறது. அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 33 வருஷமாக ஒரு ஆட்டத்தையும் விடாதவர்.

"போடுங்கள்" என்றேன்.

"வேண்டாம், பையா."

"எனக்காகப் போடுங்கள். எனக்குச் சத்தம் வேண்டும்."

போட்டார். என்ன நடந்தது என்று எனக்கு மனசில் ஒன்றும் ஏறவில்லை. இடைவேளையில் அவராகவே பேசினார். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். தலைமாட்டில் வானொலியை வைப்பாராம். அரங்கத்தின் கோஷம் கேட்கும்போது மட்டும் கட்டிலின் மேல் அவர் விரல் அசையுமாம். "மணி அடிக்கும் வரை இருந்தேன். அவ்வளவுதான் நம்மால் ஆகக்கூடியது" என்றார்.

நான் இருக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

எங்கள் ஊரில் பங்குனியில் தேர் ஓடும். திருவாரூர் ஆழித் தேரோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனாலும் எங்களுக்குத் தேர் தேர்தான். எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பா முதன்முதலாக என்னை வடம் பிடிக்க அழைத்துப் போனார். தெற்கு வீதி திரும்புவதற்குள் உள்ளங்கை சிவந்து, வெயிலில் கால் பொரிந்து, நான் கையை விட்டுவிட்டு ஒரு திண்ணையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பா திட்டவில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு வந்து, "வடத்தைத் தொடாமலே இருக்கலாம். தொட்டவன் நிலைக்கு வருமுன் விடக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கூடத்தில் இருந்த எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம், 40 மைல் தூரத்தில் கான்ஸாஸ் சிட்டியில் நடந்தது. எதிரணி ஓக்லஹோமா. அதே வருஷம் எங்களை இரண்டு தடவை தோற்கடித்தவர்கள். இடைவேளையில் 50-க்கு 50. முடிவில் 83-க்கு 79 என்று எங்கள் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். மானிங் மட்டும் 31 புள்ளி. 11 தோல்விகளோடு வந்த அணி தேசத்தின் சாம்பியன்!

ஊர் முழுவதும் மாஸச்சூஸெட்ஸ் வீதிக்கு ஓடியது. அம்மையார் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். நானும் கத்தினேன். இரண்டு கையையும் தூக்கிக் கதிர் போல ஆடினேன். திடீரென்று நினைவு வந்தது. ஊரில் அப்பாவுக்கு இன்னும் பதின்மூன்றாம் நாள் காரியம் ஆகவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது.

அம்மையார் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இறக்கி, தம் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்து வந்தார்.

* * *

1992-இல் படிப்பு முடிந்து தேசம் திரும்பினேன். தில்லிக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முந்தின வருஷம் இறுதி ஆட்டம் வரை வந்து ட்யூக் அணியிடம் தோற்றதையும் பார்த்தாயிற்று. விடைபெறும்போது அம்மையார் "நாற்காலி இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு தபால்தான். பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்து உறையில் போட்டு அனுப்புவார். மூன்று வாரம் கழித்து வந்து சேரும். தோற்று முடிந்த ஒரு ஆட்டத்துக்கு நான் மூன்று வாரம் கழித்துத் துக்கம் கொண்டாடுவேன். என் மனைவிக்கு ஆரம்பத்தில் இது புரியவில்லை. பின்னால் கொல்லைப்புறம் ஒரு மாமியார் இருப்பதாகப் பழகிக் கொண்டாள்.

அந்தத் துணுக்குகளில் ஒன்று இன்றும் என் மேஜையில் இருக்கிறது. அதைச் சொல்ல 1957-க்குப் போக வேண்டும். வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடி மனிதர் அப்போது கான்ஸாஸ் மாணவர். இறுதி ஆட்டம் வட கரோலினாவோடு. மூன்று முறை கூடுதல் நேரம் கொடுத்து, 54-க்கு 53 என்று ஒரே புள்ளியில் கான்ஸாஸ் தோற்றது. சேம்பர்லின் அடுத்த வருஷம் கல்லூரியை விட்டார். உலகப் புகழ் பெற்றார். ஆனால் அந்தத் தோல்வியால் ஊரை ஏமாற்றிவிட்டோம் என்ற எண்ணம் அவருக்குள் தங்கிவிட்டது. 40 வருஷம் கழித்து, 1998 ஜனவரியில், அவருடைய சட்டையை அரங்கத்தில் ஏற்றிக் கௌரவிக்க அழைத்தார்கள். தம் பழைய கல்லூரிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. மறு வருஷம் காலமானார்.

துணுக்கின் ஓரத்தில் அம்மையார் எழுதியிருந்தது இதுதான்: 'நாங்கள் கோபமாக இருப்பதாக இவன் 40 வருஷம் நினைத்திருக்கிறான், பாவம். யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.'

அதைப் படித்த அன்று நான் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கே அனுப்புவது? கிழித்துப் போட்டேன்.

2003-இல் ஸிராக்யூஸ் அணியிடம் 81-க்கு 78 என்று தோற்றார்கள். 30 ஃப்ரீ த்ரோ கிடைத்து அதில் 12-தான் போட்டார்கள். அடுத்த வாரமே, 15 வருஷம் பயிற்சி கொடுத்த ராய் வில்லியம்ஸ் வட கரோலினாவுக்குப் போய்விட்டார். அம்மையாரிடமிருந்து நாலு மாதம் தபாலே இல்லை. அப்புறம் ஒரு கார்டு: 'புதியவர் பெயர் பில் ஸெல்ஃப். பார்க்கலாம்.'

* * *

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் எனக்குக் கஷ்டமான பகுதி.

2008 ஏப்ரல் 8-ஆம் தேதி. அங்கே 7-ஆம் தேதி இரவு. மெம்ஃபிஸ் அணியோடு இறுதி ஆட்டம். நமக்குக் காலை 7 மணிக்குச் சற்று முன்னால் தொடங்கியது. என் கணிப்பொறியில் படம் வராது. புள்ளிக் கணக்கு மட்டும் மாறும். இரண்டு நிமிஷமும் சில விநாடிகளும் பாக்கி இருந்தபோது கான்ஸாஸ் 51, மெம்ஃபிஸ் 60. மணி 9-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. வகுப்பு இருந்தது. 'முடிந்தது கதை' என்று கணிப்பொறியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எழுந்த பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு புள்ளியாகக் கிட்டே வந்தார்கள். இரண்டு விநாடி பாக்கி இருக்கும்போது மாரியோ சால்மர்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்து 63-க்கு 63. கூடுதல் நேரத்தில் 75-க்கு 68 என்று வெற்றி. இருபது வருஷம் கழித்து மீண்டும் சாம்பியன். அந்த நேரத்தில் நான் வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையை விளக்கிக் கொண்டிருந்தேன்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. அங்கே நடு இரவு தாண்டியிருக்கும். அம்மையாருக்கு 78 வயது. பின்னணியில் வீதிக் கூச்சல் கேட்டது. ஜன்னலைத் திறந்து வைத்து எனக்குக் கேட்கட்டும் என்று ரிஸீவரை நீட்டியிருக்கிறார்.

"ராய் வில்லியம்ஸ்கூட நம் பட்சியை மார்பில் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார், பார்த்தாயா? போகட்டும், மன்னித்துவிட்டேன்" என்றார். பிறகு, "கடைசி வரை இருந்தாயா?" என்று கேட்டார்.

"இருந்தேன்" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "நல்லது" என்றார்.

தெரிந்துதான் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, அறியேன். திண்ணையில் ஏறி உட்கார்ந்த எட்டு வயதுப் பையன் அப்படியேதான் இருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

2015-இல் அவர் காலமானார். மகன் ஒரு பார்ஸல் அனுப்பினார். உள்ளே ஓரம் பிய்ந்த நீல மெத்தை ஒன்று. இரண்டில் எந்த ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் உட்கார்ந்தது எனக்குத் தெரியாதா?

* * *

இப்போது மாறிப் போன செருப்புக்கு வருகிறேன்.

2022 ஏப்ரல் 5. எதிரணி யார்? அதே வட கரோலினா. 65 வருஷத்துப் பழைய கணக்கு. இந்தத் தடவை என் மகள் ஏதேதோ செய்து கணிப்பொறியில் படமே தெரியும்படி வைத்திருந்தாள். நான் நீல மெத்தையில் உட்கார்ந்தேன். இடைவேளையில் வட கரோலினா 40, கான்ஸாஸ் 25. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, குளிக்கப் போகிறீர்களா?" என்றாள்.

"போகவில்லை" என்றேன்.

மணி எட்டு அடித்தது. எட்டரை அடித்தது. மனைவி வந்து, "இன்றைக்கு வகுப்பு இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன், எழுந்திருக்கவில்லை. ஜெயிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்ததாக நினைக்காதீர்கள். தோற்பார்கள் என்றுதான் நினைத்தேன். தோற்று முடிகிற வரைக்கும் இருப்பது என்று தீர்மானித்திருந்தேன்.

அந்த ஒரே வருஷத்துக்காக வேறு கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த ரெமி மார்ட்டின் தூரத்திலிருந்து பந்தைப் போட ஆரம்பித்தான். கடைசி ஒன்றரை நிமிஷத்துக்குள் டேவிட் மெக்கார்மாக் இரண்டு கூடை போட்டான். 72-க்கு 69. இறுதி ஆட்டங்களின் வரலாற்றிலேயே அவ்வளவு பின்தங்கியிருந்து மீண்டு ஜெயித்த அணி வேறு கிடையாது. மணி அடித்தது. அதன் பிறகுதான் எழுந்தேன். கையை உயரத் தூக்கிக் கதிர் போல ஆடினேன். மகளும் ஆடினாள். 1988-இல் பாதியில் நின்ற கை அன்றைக்குத்தான் முழுசாக ஆடி இறங்கியது.

"எந்த மாணவனும் அங்கே நாலு வருஷத்துக்கு மேல் ஆடப் போவதில்லை. நீங்கள் யாரைத்தான் நேசிக்கிறீர்கள்?" என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. இப்போது நாலு வருஷம்கூட இல்லை. 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஒரு வருஷம் சும்மா உட்காராமலே கல்லூரி மாறலாம். தம் பெயரைக் கொண்டு பணமும் சம்பாதிக்கலாம். அது அவர்கள் உழைப்பு, அவர்கள் கூலி; எனக்கு வருத்தம் இல்லை. விதிமீறலுக்காக 2017-18 பருவத்தின் 15 வெற்றிகளை 2023-இல் ஏட்டிலிருந்தே அடித்துவிட்டார்கள். என் அணி குற்றமே அற்றது என்று நான் சொல்ல மாட்டேன். தேர் இழுப்பவர்களும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்கள். சக்கரத்தையும் மாற்றுகிறார்கள், வடத்தையும் மாற்றுகிறார்கள். ஆனாலும் அதே தேர் என்றுதானே சொல்கிறோம்? நம் சங்கம் மட்டும் என்ன? இதைத் தொடங்கியவர்கள் எவரும் இன்று இங்கே இல்லை. நீங்களும் இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடுவீர்கள். ஆனாலும் பொங்கலன்று யாராவது ஒருவர் பானையை ஏற்றி வைத்துவிடுகிறார்.

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நமக்குப் பிரியமானவர்களின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருப்பது எல்லோருக்கும் கொடுத்து வைப்பதில்லை. ஆகையால், இருக்க முடிந்த இடத்திலாவது மணி அடிக்கும் வரை இருக்கப் பழகிக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேதியியல் ஆசிரியன் சொல்லும் வேதாந்தம் இவ்வளவுதான். ஊரிலிருந்து 'வந்துவிட்டுப் போ' என்று கடிதம் வந்தால், மே மாதம் வரை காத்திராதீர்கள்.

ஒரு அறிவிப்போடு முடிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டம் நமக்கு ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் காலையில்தான் வருகிறது. கான்ஸாஸ் வந்தாலும் வராவிட்டாலும் நான் பார்ப்பேன். விருப்பம் உள்ளவர்கள் ஆறரை மணிக்கு என் வீட்டுக்கு வரலாம். டிகிரி காப்பி உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: கடைசி மணிக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. 9 மணி வகுப்புக்கு நேரம் ஆகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த வகுப்பு என்னுடையதுதான்.